அக்கா கட்டிக் கொடுத்த செட்டு

எங்கள் ஊரில் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் மருந்தின் பெயரைக் கேட்பதில்லை. "ஒரு செட்டு குடுங்க" என்பார்கள். எங்கே நோகிறது என்று கையால் தொட்டுக் காட்டுவார்கள், அத்தோடு சரி. நான் அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து மூன்று மாத்திரைகளை மடித்துக் கொடுப்பேன். வலிக்கு ஒன்று. வயிறு எரியாமலிருக்கக் கேஸ் மாத்திரை ஒன்று. மூன்றாவதாக, வெள்ளையாக, பொட்டு அளவுக்கு ஒரு குட்டி மாத்திரை. அதுதான் ஸ்டீராய்டு. அதை விட்டுவிட்டுக் கட்டிக் கொடுத்தால் மறுநாள் கடை திறக்கும்போதே வந்து நிற்பார்கள், "நேத்து குடுத்தது கேக்கவே இல்லீங்க" என்று.

டாக்டர் சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். மல்லசமுத்திரத்தில் தறி ஓட்டுகிறவர்களும் காட்டு வேலைக்குப் போகிறவர்களும் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் அரை நாள் உட்கார மாட்டார்கள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு அந்தக் கடையில் சேர்ந்தவள் நான். பதினேழு வருஷத்தில், மாத்திரையின் நிறத்தையும் பருமனையும் பார்த்தே இன்னது என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். "அந்தக்கா கையால வாங்குனாத்தான் கேக்குது" என்று, முதலாளி கடையில் இருந்தாலும் நான் சாப்பிட்டுவிட்டு வரும்வரை காத்திருக்கிறவர்கள் இருந்தார்கள். அதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

செட்டு மடிக்க நான் எடுத்துக்கொண்டது மருந்துப் பெட்டிகளுக்குள் வருகிற தாள். மெல்லிசாக, வழவழப்பாக, இரண்டு பக்கமும் பொடிப்பொடியாக இங்கிலீஷ் எழுத்தோடு எட்டாக மடித்து வைத்திருப்பார்கள். அதை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. வீணாக்குவானேன் என்று ஒவ்வொரு தாளையும் நாலாகக் கிழித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சுத்தம் என்றால் கொஞ்சம் பைத்தியம். கடையின் கண்ணாடி மேஜைமேல் யாராவது முழங்கையை ஊன்றினால் "கையெடுங்க" என்று சொல்லிவிடுவேன். டெட்டால் தண்ணீர் நனைத்த துணி எப்போதும் பக்கத்தில் இருக்கும். கொட்டினாலும் துடைப்பேன், கொட்டாவிட்டாலும் துடைப்பேன். "ஏம்மா, கண்ணாடி தேஞ்சு ஓட்டை உழுந்தரப் போவுது" என்று முதலாளி கிண்டல் செய்வார்.

என் தம்பி லாரி டிரைவர். என்னைவிட ஏழு வயது இளையவன். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு போய் நாக்பூரில் இறக்கிவிட்டு, அங்கே கிடைக்கிற லோடை ஏற்றிக்கொண்டு வருவான். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவன் வீடு. பெண்டாட்டி, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை. டிரைவர்கள் எல்லாருக்கும் போல அவனுக்கும் இடுப்பு போய்விட்டது. வண்டி எடுப்பதற்கு முன்னால் கடைக்கு வந்து நிற்பான்.

"அக்கா, ரோட்டுச் செட்டு."

அவனுக்கு மட்டும் மொத்தமாகக் கட்டிக் கொடுப்பேன். போக நாலு நாள், வர நாலு நாள், காலையில் ஒன்று, பொழுது சாய ஒன்று. ஐந்தாறு வருஷமாக இப்படித்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் நான் கொடுத்திருப்பேனா?

நடுவில் அவன் இரண்டு தடவை இளைத்துப் போனான். முதல் தடவை ஆறு வருஷத்துக்கு முன்னால். சட்டை ஹேங்கரில் மாட்டியது மாதிரி தொங்கியது. டைபாய்டு என்றான். நம்பினேன். பிறகு தேறிவிட்டான். இரண்டாவது தடவை போன வருஷத்துக்கு முந்தின வருஷம். அப்போதும் ஏதோ சொன்னான், வடக்கே தண்ணீர் சரியில்லை என்றோ என்னவோ. அவன் இளைக்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் போய்விடும். அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தது நான்.

ஆகவே அவன் சதை போட ஆரம்பித்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதலில் கன்னம் உப்பியது. அப்புறம் முகமே உருண்டையாகிவிட்டது. வயிறு வந்தது. லாரி ஆபீசில் "என்ன ஓனர் ஆயிட்டியா?" என்று கேட்டார்களாம். ஊரில் பார்த்தவர்கள் எல்லாரும் "தம்பி நல்லா தேறிட்டாப்பலீங்க, அக்கா கைப்பக்குவம்" என்று என்னிடம் சொன்னார்கள். நானும் சோறு, கறி, முட்டை என்று தள்ளினேன். அவன் கண்ணில் லேசாக மஞ்சள் தட்டியிருந்தது. குடிக்கிறாயா என்று பிடித்துச் சண்டை போட்டேன். "தொடறதே இல்லக்கா" என்று குழந்தை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். அதையும் நான் நம்பவில்லை. டைபாய்டை நம்பினேன், இதை நம்பவில்லை.

ஒரு நாள் அவனை வழியனுப்பப் போனேன். டயரில் கால் வைத்து ஒரே எட்டில் ஏறுகிறவன், அன்றைக்கு இரண்டு தடவை முயன்றும் ஏற முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கைலி விலகித் தொடை தெரிந்தது. வயிறு அவ்வளவு பெரிதாக இருக்கிறவனுக்குத் தொடை என் கை மாதிரி இருந்தது. முழங்கையில் நீலநீலமாகக் கன்றிப் போயிருந்தது. எங்கே இடித்துக்கொண்டாய் என்றால் தெரியாது என்றான். கழுத்துக்குப் பின்னால் பிடரியில் ஒரு திமில் மாதிரி சதை ஏறியிருந்தது. நல்ல சதை அங்கேயா போய் ஏறும்?

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. வருஷக்கணக்கில் மூச்சு இளைப்புக்குக் குட்டி மாத்திரை வாங்கி முழுங்கிய ஒரு வாத்தியாருக்கும் முகம் இப்படித்தான் உப்பியது. ஆனால் அவர் தினமும் கைநிறைய முழுங்கினவர். தம்பி ஐந்தாறு வருஷமாகச் சாப்பிடுவது அதே செட்டு, அதே அளவு. இத்தனை நாள் வராதது இப்போது ஏன் வரவேண்டும்? கம்பெனி மாறியதா என்று பழைய அட்டையும் புது அட்டையும் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. எனக்குக் குழப்பமாக இருந்தது. குழப்பம் வந்தால் நான் யாரையாவது கேட்க வேண்டியவள். கேட்கவில்லை. கேட்டால், நீ எதற்கு வருஷக்கணக்கில் கொடுத்தாய் என்றல்லவா முதல் கேள்வி வரும்?

அந்த நடை முடிந்து வந்ததும், எப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்குவதற்காக வண்டி பட்டறைக்குப் போனது. பெயிண்ட் அடித்து, பாடி வேலை பார்த்து முடிக்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். தம்பியும் ஊரில்தான் இருப்பான். இதுதான் சமயம் என்று நினைத்தேன். அவனிடம் சொன்னால் செட்டு இல்லாமல் ஆகாது என்று அடம் பிடிப்பான், வேறு கடைக்குப் போய் வாங்குவான். அதனால் சொல்லவில்லை. குட்டி மாத்திரைக்குப் பதிலாக, பார்ப்பதற்கு அதே மாதிரி வெள்ளையாக இருக்கிற ஒரு சத்து மாத்திரையை வைத்து மடித்துக் கொடுத்தேன். அவன் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அக்கா கொடுத்தது என்றால் அவன் எதையும் பார்க்க மாட்டான்.

மூன்றாம் நாள் "மேலெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி இருக்குதுக்கா" என்றான். பழக்கம் விடுகிறது, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறாம் நாள் சோறு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு அவன் பெண்டாட்டி போன் செய்தாள். பட்டறையில் வண்டிக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்து விழுந்துவிட்டானாம். நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்களாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஏற்கனவே கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் கீழே போய்விட்டது என்றார்கள். பேச்சுக் கொடுத்தால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு இளம் டாக்டர் கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்லைங்க. இடுப்பு வலிக்கு நான் குடுக்கற மாத்திரை மட்டுந்தானுங்க. அதுலயும் ஸ்டீராய்ட இப்பத்தான் ஒம்பது நாளா நிறுத்தியிருக்கறனுங்க."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் தம்பி பெண்டாட்டி தன் பையிலிருந்து ஒரு சூடம் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். லாரியில் சாமி படத்துக்குக் கீழே இருக்கிற டப்பா. வண்டி எடுக்கும்போது அதிலிருந்து எடுத்துத்தான் சூடம் கொளுத்துவான் என்று நான் நினைத்திருந்தேன். மூடியைத் திறந்தால் உள்ளே பஞ்சு. பஞ்சுக்குக் கீழே மாத்திரைகள்.

இரண்டு வகை இருந்தது. நான் கையில் எடுத்துப் பார்த்தேன், மோந்துகூடப் பார்த்தேன். சூட வாசனைதான் வந்தது. பதினேழு வருஷம் மருந்துக்கடையில் நின்றவளுக்கு அந்த மாத்திரைகள் எதுவென்று தெரியவில்லை. "இதென்ன மாத்திரை?" என்று அவளைக் கேட்டேன். அவள் டாக்டரைப் பார்த்தாள். அவர் டப்பாவை வாங்கிக்கொண்டு, வேறு கட்டடத்திலிருந்து ஒரு பெண் டாக்டரைக் கூப்பிட்டனுப்பினார். ஐம்பது வயது இருக்கும். வந்தவர் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவருக்கு அவனை முன்னாலேயே தெரியும் என்றதும் என் குழப்பம் இன்னும் கூடிவிட்டது.

அவர் அவன் காதருகில் குனிந்து, "இவங்க இருக்கும்போது பேசலாமா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். தம்பி கண்ணை மூடிக்கொண்டு சரி என்று தலையை ஆட்டினான்.

எச்.ஐ.வி. என்றார் அவர். ஆறு வருஷமாக. டைபாய்டு என்று சொன்ன நாளிலிருந்து. மனைவிக்கும் குழந்தைக்கும் இல்லை, சோதித்துப் பார்த்தாகிவிட்டது. முதலில் கொடுத்த மருந்து இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலை செய்யாமல் போய்விட்டது. அதனால்தான் இரண்டாம் தடவை இளைத்திருக்கிறான். அதற்குப் பிறகு மாற்றிக் கொடுத்த மருந்துதான் சூடம் டப்பாவில் இருந்தது.

எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, இன்றுவரை. லாரிக்காரன் என்றால் ஊர் அதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருக்கும். எனக்கு அந்தப் பதில் வேண்டாம். அந்த நிமிஷத்தில் எனக்குப் பயம்கூட வரவில்லை. கோபம்தான் வந்தது. அவன் மேல், அவன் பெண்டாட்டி மேல், அந்த டப்பா மேல். ஆறு வருஷம் என் கையால் சோறு வாங்கித் தின்றுவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெண் டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கொடுத்த செட்டில் என்னென்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இந்தப் பெரிய மாத்திரைக்குள்ள ரெண்டு மருந்து இருக்கும்மா. ஒண்ணு, கிருமி பெருகாம அடக்கற மருந்து. அதத் தனியா குடுத்தா கல்லீரல் சீக்கிரமா உடைச்சு வெளிய தள்ளிரும். ஒரு நாள் முழுக்க ரத்தத்துல நிக்காது. அதுக்காகக் கூட வெச்சிருக்கறதுதான் பூஸ்டர். இந்த அளவுல அது கிருமிய அடிக்கறதுக்கில்ல. கல்லீரல் உடைக்கற வேலைய மெதுவாக்கறதுக்கு. அப்பத்தான் மொத மருந்து ஒரு நாள் தாங்கும்."

"அப்ப அது நல்ல மாத்திரைதானுங்களே?"

"நல்ல மாத்திரைதான். ஆனா அதே வழியில உடையற மத்த மருந்தையும் அது வெளிய போக விடாது. நீங்க குடுத்த ஸ்டீராய்டு அதுல ஒண்ணு. முன்னெல்லாம் சாப்பிட்டது கொஞ்ச நேரத்துல கழிஞ்சு போயிருச்சு. பூஸ்டர் ஆரம்பிச்ச பெறகு கழியாம உள்ளயே சேந்துருச்சு. நீங்க ஒண்ணுதான் குடுத்தீங்க. அவர் உடம்புக்கு அது பல மாத்திரைக்குச் சமம்."

ஐந்தாறு வருஷம் வராதது இப்போது ஏன் வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் அடுத்தது புரியவில்லை.

"அதத்தான் நான் நிறுத்திட்டனுங்களே. அதுக்கப்புறம்தானுங்க உழுந்துட்டான்?"

"நம்ம உடம்பு தானாவே அந்த மாதிரி ஒண்ணு சுரக்கும்மா. வெளியில இருந்து இவ்வளவு வந்ததால சுரக்கறத விட்டுருச்சு. அந்த நேரம் பாத்து ஒரேயடியா நிறுத்திட்டீங்க. உள்ள இருந்தும் இல்ல, வெளிய இருந்தும் இல்ல. இப்ப நாங்களே அந்த மருந்த ஊசியில ஏத்திட்டு இருக்கோம். கொஞ்சங்கொஞ்சமா, மாசக்கணக்குல குறைக்கணும்."

"அப்ப நான் குடுத்தது தப்புங்களா, நிறுத்தினது தப்புங்களா?"

"குடுத்திருக்கக் கூடாது. குடுத்தத அப்படி நிறுத்தியிருக்கவும் கூடாது. பூஸ்டர் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது, விடுங்க" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். கிருமியை அடக்குகிற அந்த மருந்து கரைந்து உடம்பில் சேர வயிற்றில் புளிப்பு வேண்டும். கேஸ் மாத்திரை அந்தப் புளிப்பை அடக்கிவிடும். ஆகவே மருந்து சரியாகச் சேர்ந்திருக்காது. கிருமி மறுபடி பெருகியிருக்கலாம். ரத்தத்தில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்று சோதிக்க அனுப்பியிருக்கிறார்கள். இந்த மருந்தும் கைவிட்டால் அடுத்து மாற்றிக் கொடுக்க அதிகமாக ஒன்றும் இல்லை. கண் மஞ்சளைப் பற்றிக் கேட்டேன். அது அந்த மருந்தால் வருவது, அதனால் கெடுதல் இல்லை என்றார்.

என் செட்டில் ஒரு மாத்திரை உள்ளே போனது வெளியே வரவில்லை. இன்னொரு மாத்திரை, உள்ளே போக வேண்டியதைப் போக விடவில்லை. மீதி இருந்த வலி மாத்திரையைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. குடிக்கிறான் என்று நான் சண்டை போட்ட மஞ்சள் ஒன்றும் செய்யாதாம். தேறிவிட்டான் என்று நான் சந்தோஷப்பட்ட கன்னம்தான் ஆபத்தாம். எது நல்லது, எது கெட்டது என்று எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் தலைகீழாக நின்றது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் தம்பி எழுந்து உட்கார்ந்துவிட்டான். பெண் டாக்டர் அவனைத் திட்டிக்கொண்டிருந்தபோது நான் இட்லி கொண்டுபோனேன்.

"ஒவ்வொரு மாசமும் கேட்டேனேப்பா, வேற மருந்து எதாவது எடுக்கறியான்னு. மெடிக்கல்ல வாங்கறதக்கூடச் சொல்லணும்னு சொன்னேனே. இல்லைன்னே சொன்னியே."

"அது மருந்து இல்லீங்களே டாக்டர்" என்றான் தம்பி. "எங்கக்கா கட்டித் தர்ற செட்டுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரும் செட்டை மருந்து என்று சொல்ல மாட்டார்கள். டீ குடிப்பதை யாராவது மருந்து என்று டாக்டரிடம் சொல்வார்களா? அந்தப் பழக்கத்தை வளர்த்துவிட்டவர்களில் நானும் ஒருத்தி.

டாக்டர் போன பிறகு, பூஸ்டர் எனக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை என்று அவனிடம் சொன்னேன். அவனுக்கு அது பழைய பாடம்.

"டோல்கேட்டுல ஆறு லைன் இருக்குதுன்னு வெச்சுக்கோ. பூஸ்டர் வந்து அஞ்ச மூடி வெச்சிருது. ஒரு லைன்ல ஒவ்வொரு வண்டியாத்தான் போவோணும். நம்ம வண்டி நிக்கோணும்னுதான் மூடறது. ஆனா பின்னால வர்ற வண்டி எல்லாமும் சேர்ந்துதானே நிக்கும்?"

"இத்தன தெரிஞ்சவன் என் செட்ட எதுக்குடா முழுங்குன?"

"அது வண்டின்னே எனக்குத் தோணலையேக்கா."

சிரித்தான். உருண்டை முகத்தில் கண் இரண்டும் காணாமல் போயின. எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஏன்டா எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு இட்லித் தட்டைப் பார்த்தான். "சொல்றனக்கா, பொறவு சொல்றேன்" என்றான்.

ஊருக்கு வந்து கடைக்குப் போனேன். டாக்டர் ஒரு சீட்டில் தம்பியின் மருந்துப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். கேஸ் மாத்திரைப் பெட்டி ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த தாளைக் கிழிக்காமல் மேஜைமேல் விரித்தேன். எனக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். சீட்டை ஒரு விரலாலும் தாளை ஒரு விரலாலும் பிடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். பின்பக்கத்தில் நடுவில் இருந்தது. அதே பெயர். சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று.

டப்பாவில் நாலாகக் கிழித்துப் போட்டிருந்த தாள்களைக் கொட்டிப் பார்த்தேன். அந்த வரி இருக்கிற துண்டுகள் எத்தனையோ கிடைத்தன. இப்படிப்பட்ட துண்டுகளில்தான் அவனுக்கு ரோட்டுச் செட்டு மடித்துக் கொடுத்திருக்கிறேன். அவன் அதைப் பிரித்து மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தாளை ஜன்னல் வழியாக வீசியிருப்பான். இங்கிருந்து நாக்பூர் வரைக்கும் ரோட்டோரம் அந்த எச்சரிக்கை விழுந்து கிடந்திருக்கும்.

இனிமேல் சீட்டு இல்லாமல் குட்டி மாத்திரை கிடையாது என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் கல்லாப்பெட்டியை ஒரு தடவை திறந்து மூடினார். பத்து நாளில் பாதிக் கூட்டம் எதிர்க்கடைக்குப் போய்விட்டது. "அந்தக்காளுக்கு இப்பக் கைராசி இல்லை" என்று பேச்சு. வருகிறவர்களிடம் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். எல்லாரும் "ஒண்ணும் இல்லைங்க" என்றார்கள். பக்கத்தில் நாலு பேர் நிற்கும்போது வேறு என்ன சொல்வார்கள்? சத்தமாகக் கேட்பதா, மெதுவாகக் கேட்பதா, எப்படிக் கேட்டால் சொல்வார்கள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

ரத்தச் சோதனையில் கிருமி கொஞ்சம் ஏறியிருந்தது. மருந்து முழுக்கக் கைவிட்டதா, கேஸ் மாத்திரையால் வந்த வினையா என்று அப்போது சொல்ல முடியாது, அதே மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். அந்த மூன்று மாதம் நான் எப்படி இருந்தேன் என்று எனக்கே தெரியாது. வாசலில் தம்பி பெண்டாட்டியின் செருப்புச் சத்தம் கேட்டாலே அடுக்களைக்குள் போய்விடுவேன். அவளிடம் முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு யோசித்தால், ஆறு வருஷமாக அவள் ஒருத்தி தனியாக இதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். ஒன்பது நாள் சத்து மாத்திரை வைத்து மடித்ததை நான் மறைத்ததற்கே ஒரு உயிர் போகப் பார்த்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் தம்பி கடைக்கு வந்தான். நாமக்கல்லிலிருந்து நேராக வந்திருந்தான். முகம் பாதி வற்றியிருந்தது. பழைய தாடை எலும்பு லேசாகத் தெரிந்தது. பார்க்கிறவர்கள் இப்போது "என்னங்க தம்பி இளைச்சுட்டாரு" என்று என்னிடம் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கடையில் வேறு ஆள் இல்லை. அவன் கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"கிருமி கணக்குக்கே சிக்காத அளவுக்குக் கம்மியாயிடுச்சாமாக்கா. இதே மருந்தே போதுமாம்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு கேட்டேன். ஆஸ்பத்திரியில் பாதியில் விட்ட கேள்விதான்.

"எங்கிட்ட ஏன் சாமி சொல்லல?"

அவன் உள்ளே வராமல் அங்கேயே நின்றுகொண்டு சொன்னான். ஆறு வருஷத்துக்கு முன்னால், ரிசல்ட் வந்த அன்றைக்கே என்னிடம் சொல்லத்தான் நேராகக் கடைக்கு வந்தானாம். எனக்கு முன்னால் ஒரு ஒல்லியான ஆள் நின்றிருந்தாராம். நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரிச் சீட்டு. தம்பியின் சட்டைப் பையில் இருந்த சீட்டில் குத்தியிருந்த அதே எச்.ஐ.வி. பிரிவு முத்திரை. ஏதோ இருமல் மருந்து வாங்கினாராம். அவர் போனதும் நான் டெட்டாலை எடுத்து, அவர் கை வைத்திருந்த இடத்தைத் துடைத்தேனாம். ஒரு தடவை துடைத்துவிட்டு, மறுபடியும் ஊற்றித் துடைத்தேனாம். அதன் பிறகுதான் அவனைப் பார்த்து, "என்னடா மூஞ்சி வாடியிருக்குது?" என்று கேட்டேனாம்.

"டைபாய்டுன்னு சொல்லிட்டேன்" என்றான்.

எனக்கு அந்த ஆள் நினைவில்லை. அந்தச் சீட்டு நினைவில்லை. அந்த நாளே நினைவில்லை. பதினேழு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை துடைத்திருப்பேன். முத்திரையைப் பார்த்துத் துடைத்தேனா, இருமினார் என்று துடைத்தேனா, இல்லை எப்போதும் போல சும்மாவே துடைத்தேனா? அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே தேடித்தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அவனுக்கு ஆறு வருஷமாகக் கண்ணுக்குள் நிற்கிற நாள் எனக்கு ஒரு சாதாரண நாள்கூட இல்லை.

"சிரப்பு ஏதாவது கொட்டியிருக்கும் சாமி" என்றேன்.

"இருக்குமக்கா" என்றான். என் கைக்குப் பக்கத்தில் கிடந்த ஈரத்துணியை அவன் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க முயன்றான் என்பது எனக்குத் தெரிந்தது.